மென்பொருளாக்கத்திற் குற்றங் களைதல்

விழா மலரிலே கல்லூரியின் பழம்பெருமை பேசுதல் மரபு. நிறுவியோரை நினைத்தலும், அதிபர்களை வாழ்த்துதலும், விளையாட்டரங்கில் ஈட்டிய வெற்றிகளை எண்ணிக் காட்டுதலும் இம்மலரின் பிற பக்கங்களில் நிறையவே உள. நாம் எடுத்துக்கொண்ட பொருளோ அவற்றோடு சேராதது போலத் தோன்றும். தமிழ் கற்பிப்பவர் கணினி மென்பொருளைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று முகஞ் சுளிப்பாரும் இருக்கலாம். காரணம் உண்டு.

இவ்விழாவை ஒட்டிக் கூடிய பழைய மாணவர் கூட்டங்களிலே இரண்டு எண்ணங்கள் வலுப்பெற்றுள்ளன. இக்கல்லூரியிற் பயின்றோர் அனைவரின் விவரங்களையும் கொண்ட பதிவேடு ஒன்றைக் கணினியில் அமைக்க வேண்டும் என்பது ஒன்று. நூலகத்து நூல்களுக்கெல்லாம் கணினி அட்டவணை செய்ய வேண்டும் என்பது மற்றது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் அன்பர்கள் பொருளுதவ முன்வந்திருக்கிறார்கள். மண்டபமும் மதிலும் கட்டியே பழகிய நாம், கண்ணுக்குப் புலனாகாத ஒன்றுக்குப் பணம் செலவிட எண்ணியது பாராட்டற்குரியது. (மென்பொருளிலே பெயர்க்கல் பதிக்க இடமில்லை என்பதை அறிந்தே அவர்கள் முன்வந்தார்கள் என நம்புகிறோம்.)

ஆயினும் நம் கருத்தை ஒளியாமற் கூறிவிடுகிறோம். இப்பணம் பயன்தர வேண்டுமாயின், முதல் ஓராண்டுக்கு மென்பொருள் எதனையும் எழுதுவித்தலாகாது. அந்த ஓராண்டையும் நமக்கு வேண்டுவது யாது என்பதை எழுதுவதிலும், எழுதியதைச் சிறிய அளவிற் செய்து பார்ப்பதிலும் கழித்தல் வேண்டும். விழா ஆண்டு முடியுமுன் பொத்தானை அழுத்தித் திறப்பு விழாச் செய்ய விரும்புவோர்க்கு இது கசக்கும். கசப்பினும் கேட்க வேண்டுகிறோம். நாமே ஒருமுறை பட்டுத் தெளிந்தவர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் அயலிலுள்ள வாசிகசாலை ஒன்றில் நூல்களுக்குக் கணினி அட்டவணை செய்யப்பட்டது. பெயர் வேண்டியதில்லை. கணினி கற்ற இளைஞர் ஒருவர், அன்பின் மிகுதியால், கூலி எதுவும் பெறாது செய்நிரல் எழுதித் தந்தார். நாமும் உயர்தர வகுப்பு மாணவர் இருவரும் மாலை வேளைகளில் இருந்து நூற்பெயர்களைத் தட்டெழுதினோம். ஏறத்தாழ ஒன்பது மாத வேலை. முடிந்த அன்று வடையும் தேநீரும் வழங்கினார்கள். இளைஞர் மேற்படிப்புக்காகக் கடல் கடந்து போனார். அடுத்த மாரியில் இடி விழுந்து கணினி பழுதாயிற்று. நல்வாய்ப்பாக உள்ளிருந்த கோப்புக்களை ஒருவர் மீட்டுத் தந்தார். புதிய கணினியில் அவற்றைத் திறந்தபோது தமிழ்ப் பெயர் ஒன்றைத்தானும் காணோம். வரிசை வரிசையாக ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமே நின்றன.

நடந்தது இதுதான். நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிய ‘பாமினி’ என்னும் எழுத்துரு, ஆங்கில எழுத்துக்களின் இருக்கையிலே தமிழ் வடிவங்களை வைத்தது. ‘அம்மா’ என்று நாம் தட்டெழுதினால் கண்ணுக்குத் தெரிவது அம்மா. கணினியின் வயிற்றில் இருப்பதோ ஆங்கிலத்தின் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடியும் கே, பின்னர் எச். எழுத்துரு உள்ளவரை தமிழ். இல்லையேல் வெறுங் குழப்பம். மொழிகளுக்கெல்லாம் தனித்தனி இருக்கை வகுத்த ஒருங்குறி 1991ஆம் ஆண்டிலேயே வெளிவந்து, தமிழுக்கும் அதில் இடம் கிடைத்திருந்தது. அட்டவணை செய்த காலத்தில் அது நன்கு வழக்கிற்கும் வந்துவிட்டது. பழகிய விசைப்பலகையை விட மனமில்லாமையாலே நாம் பாமினியிற் செய்தோம்.

பாமினியை ஒருங்குறியாக மாற்றித் தரும் கருவிகள் உண்டே என்பீர்கள். உண்டு, இட்டுப் பார்த்தோம். தமிழ் நூற்பெயர்கள் உயிர் பெற்றன. ஆனால் ஆங்கில நூற்பெயர்களும் அதே கட்டத்திலேயே, எம்மொழி என்ற அடையாளம் இன்றிக் கலந்து கிடந்தன. மாற்றிக்குள் அகப்பட்ட அவை பொருளற்ற தமிழெழுத்துக் குவியலாயின. ஒவ்வொன்றாகக் கையாற் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. செய்நிரல் எவ்வாறு அமைந்தது என்பதற்கு ஒரு தாளும் இல்லை. கடவுச்சொல் அவ்விளைஞரோடு போயிற்று.

இவ்வளவும் பிறர் குற்றமாகத் தோன்றக்கூடும். நம் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். வேலை தொடங்கிய முதல் வாரத்திலே பெயர்களை அகரவரிசைப்படுத்திப் பார்த்தபோது, மகரத்தில் தொடங்குவன முன்னும் அகரத்தில் தொடங்குவன பின்னுமாக நின்றன. பாமினியில் மகரத்தின் இருக்கை கே. அகரத்தின் இருக்கை எம். கணினி ஆங்கில முறைப்படியே அடுக்கியிருந்தது. அகரம் மகரத்தின் பின் நிற்பதைக் கண்ட தமிழாசிரியர் அக்கணமே எழுந்து நின்றிருக்க வேண்டும் அன்றோ? நாம் எழவில்லை. இது பொறியின் இயல்பு போலும், நமக்கென்ன தெரியும் என்று வாளாவிருந்தோம். அன்று வாய் திறந்திருந்தால், எழுத்துக்கள் உள்ளே எவ்வாறு கிடக்கின்றன என்ற கேள்வி எழுந்திருக்கும்; ஐம்பது நூல்களோடு பிழை திருந்தியிருக்கும். ஒன்பது மாதமும் வீணாயின.

மென்பொருள் முயற்சிகள் பழுதாகும் வரலாறுகளைப் படிக்குந்தோறும் நம் நினைவுக்கு வருவது அந்த முதல் வாரமே. பிழையை எவரோ ஒருவர் தொடக்கத்திலேயே காண்கிறார். பெரும்பாலும் அவர் பதவியிற் சிறியவர், அல்லது பொறியை அறியாதவர். அவரை எவரும் கேட்பதில்லை, அவரும் பேசுவதில்லை.

இனி, தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்ற கேள்விக்கு வருவோம். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினை வகுத்தார். அவற்றை மாணவர்க்கு ஆண்டுதோறும் உரைக்கிறோம். அவர்களும் தேர்வுக்காக மனனஞ் செய்கிறார்கள். மென்பொருளும் ஒருவகை நூலே என்பது நம் எண்ணம். செய்நிரல் என்பது பொறிக்கு எழுதும் நூல். அதற்கு முன்னதாக, இன்னது வேண்டும் என்று நாம் செய்வோர்க்கு எழுதிக் கொடுப்பதும் நூல். இவ்விரண்டில் முன்னையதிற் பிழை வந்தால் பொறி உடனே மறுக்கும். பின்னையதிற் பிழை வந்தால் ஒருவரும் மறுப்பதில்லை. பணம் தீர்ந்தபின்னரே தெரியும்.

குன்றக் கூறலை முதலில் எடுத்துக்கொள்வோம். ‘பழைய மாணவர் பதிவேடு வேண்டும்’ என்று ஒரே வரியிற் சொல்லிப் பணத்தையும் கொடுத்துவிடுதல் இக்குற்றம். கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயின்ற காலத்தில், பாடக்குறிப்பு எழுதாமல் வகுப்பினுட் புகுதல் ஆகாது என்பது நமக்கு உறுதியாகப் போதிக்கப்பட்டது. நோக்கம் யாது, மாணவர் முன்னரே அறிந்தது யாது, அவர் அறிந்துகொண்டார் என்பதை எவ்வாறு கணிப்பது என்று எழுதிய பின்னரே சுண்ணக்கட்டியைத் தொடலாம். நாற்பது நிமிடப் பாடத்துக்கு இத்தனை ஆயத்தம் வேண்டுமாயின், நாற்பது ஆண்டு நிலைக்க வேண்டிய பதிவேட்டுக்கு எத்துணை வேண்டும்!

பெயர் என்ற ஒரே கட்டத்தை மட்டும் பாருங்கள். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்வைத்து எழுதுவது நம் வழக்கு. மேனாட்டு அச்சில் வார்த்த பதிவேடு முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டங்களைக் காட்டி, இரண்டும் நிரம்பினாலன்றி மேலே செல்ல விடாது. இங்கே க. சிவலிங்கமாகப் பயின்றவர் கனடாவிலே சிவலிங்கம் கந்தையா ஆகிறார். அவருடைய பிள்ளைக்குப் பாட்டனார் பெயரே குடும்பப்பெயர் ஆகிறது. மணமான பெண்கள் பலருக்கு முன்னெழுத்தே மாறிவிடுகிறது. ஒரே முன்னெழுத்தும் ஒரே பெயரும் உடையார் நால்வர் ஒரே வகுப்பில் இருந்ததும் உண்டு. வீட்டு ஒழுங்கையைச் சொல்லித்தான் அவர்களைப் பிரித்தறிவோம். இவற்றையெல்லாம் கொழும்பிலோ வேறு நாட்டிலோ இருந்து நிரல் எழுதுபவர் எங்ஙனம் அறிவார்? நாம் அல்லவோ சொல்ல வேண்டும்?

பெயரின் நீளத்துக்கு வருவோம். கனகசபாபதிப்பிள்ளை என்பதில் நாம் எண்ணும் எழுத்துப் பதினொன்று. ஒருங்குறியோ உயிர்மெய்யின் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணும்; அதன் கணக்கிற் பதினேழு. பதினைந்து போதும் என்று எவரேனும் கட்டம் அமைத்தால், அப்பெரியார் கனகசபாபதிப்பிள் என்று அந்தரத்தில் நிற்பார். தமிழ்ப் பெயரிட்டுச் சோதிக்காத மென்பொருட்களில் இத்தகைய அலங்கோலங்களைக் காண்கிறோம்.

வரிசையிலும் சிக்கல் தீர்ந்தபாடில்லை. ஒருங்குறிக்கு மாறிவிட்டால் எல்லாம் நேராகும் என்று எண்ணற்க. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1988இல் வகுத்த குறியீட்டைத் தழுவியமையால், ஒருங்குறி அட்டவணையில் ரகரத்தின் பின் றகரமும், லகரத்தின் பின் ளகரமும் ழகரமும், அவற்றின் பின்னரே வகரமும் வருகின்றன. னகரமோ நகரத்தை அடுத்துப் பகரத்தின் முன்னே போய் அமர்ந்துவிட்டது. ஆகவே இருக்கை எண்ணை மட்டும் நோக்கி வரிசைப்படுத்தினால் அன்னம்மா முன்னும் அப்புத்துரை பின்னும் வருவர். தமிழ் அகராதியில் அப்புத்துரையே முன். தமிழ் வரிசைக்குரிய விதிகள் தனியாக வகுக்கப்பட்டுக் கிடைக்கின்றன. அவற்றைச் சேர்க்குமாறு கேட்க வேண்டும் என்பதே செய்தி. கேட்பதற்கு நெடுங்கணக்குத் தெரிந்த ஒருவர் போதும். அகரத்துக்கு முன் மகரம் நின்றபோது வாளாவிருந்தவர்கள் இம்முறை இருக்கமாட்டார்கள்.

இன்னொரு கட்டம் உண்டு. அதை எழுதக் கை தயங்குகிறது. உயிருடன் உள்ளாரா என்ற வினாவை ஆம், இல்லை என்னும் இரு விடைகளோடு பதிவேடுகள் கேட்கும். நம் ஊர்களில் மூன்றாவது விடையை உடைய வீடுகள் எத்தனை! காணாமற்போன மகனின் பெயரைப் பதிய வந்த தாய்க்கு முன்னே அமர்ந்து, ஆம் என்றோ இல்லை என்றோ அழுத்தினாலன்றிப் பொறி மேலே செல்லாது என்று எந்த மாணவர் சொல்வார்? பிறப்புச் சான்றிதழ் எண்ணைக் கட்டாயமாக்குவதும் அப்படியே. 1995ஆம் ஆண்டு வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது எடுத்துச் சென்ற பைகளுக்குள் எல்லாருடைய பத்திரங்களும் இருக்கவில்லை. கட்டாயம் என்ற சொல்லை எக்கட்டத்துக்கு இடுவது, எதற்கு இடாதிருப்பது என்பது கணினி அறிவன்று, ஊரறிவு.

மிகைபடக் கூறலும் மற்றொன்று விரித்தலும் சபைகளுக்கே உரிய குற்றங்கள். பதிவேடு என்று தொடங்குவோம். கூட்டத்தில் ஒருவர் எழுந்து அதிலேயே சந்தாப் பணமும் அறவிடலாமே என்பார். மற்றொருவர் திருமணப் பொருத்தம் பார்க்கவும் வழி செய்யலாம் என்பார். இன்னொருவர் விளையாட்டுப் போட்டியை நேரே ஒளிபரப்ப விரும்புவார். எவரையும் மனம் நோகச் செய்யாத தலைவர் எல்லாவற்றையும் ஏற்று அறிக்கையில் எழுதுவார். அதன்பின் வேலை, சென்று தேய்ந்திறும். இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. நம் சங்கக் கூட்டங்களுக்கு ஒருமுறை வந்தோர் அறிவர்.

ஒன்றை மற்றொன்றாக மயங்க வைத்தலால் விளைந்த கேட்டிற்கு 1999ஆம் ஆண்டு செவ்வாய்க் கோளை நோக்கிச் சென்ற அமெரிக்க விண்கலம் சான்று. ஒரு சாரார் விசையைப் பவுண்டு அலகிற் கணித்தனுப்ப, மறுசாரார் அதை நியூட்டன் அலகென்று கொண்டனர். கலம் அக்கோளின் வளிமண்டலத்துள் வேண்டியதற்கு மிகத் தாழ்வாகப் புகுந்து அழிந்தது. அலகு எழுதாத விடைக்குப் புள்ளி குறைக்கும் நம் கணித ஆசிரியர்கள் இதனை வகுப்பிற் கூறுவார்களாக.

அதற்கு மூன்றாண்டு முன்னர், 1996 யூன் 4ஆம் நாள், ஐரோப்பியரின் ‘ஏரியன் 5’ ஏவுகணை புறப்பட்டு ஒரு நிமிடம் ஆகுமுன்னே வானிற் சிதறியது. பழைய ‘ஏரியன் 4’இலே நன்கு வேலை செய்த செய்நிரலை எடுத்துப் புதியதில் அப்படியே இட்டிருந்தனர். புதிய ஏவுகணையின் கிடைவேகம் மிகுதி; பழைய நிரல் அவ்வெண்ணுக்கு ஒதுக்கிய சிற்றிடத்தில் அது அடங்கவில்லை. இதில் நம்மை வியக்க வைப்பது வேறொன்று. இடறிய அப்பகுதி, புதிய ஏவுகணை நிலத்தை விட்டெழுந்த பின் தேவைப்படாத பகுதி. பழையது நன்றாகத்தானே ஓடியது, எடுத்துவிடுவானேன் என்று விட்டிருந்தனர். வேறொரு கல்லூரிக்குச் செய்த பதிவேட்டை இலவசமாகத் தருகிறோம் என்று எவரேனும் வந்தால் நன்றியோடு பெறலாம். ஆனால் நம் பெயர்களை இட்டுச் சோதித்த பின்னரே பெறல் வேண்டும்.

காலந் தாழ்ந்துவிட்டால் ஆட்களைக் கூட்டுவது உலகெங்கும் காணும் மற்றொரு மயக்கம். ஐ.பி.எம். நிறுவனத்தின் பெருங்கணினிக்கு இயங்குதளம் ஆக்கும் வேலையை நடத்திய பிரெடரிக் புறூக்ஸ் என்பார், தாம் பட்டறிந்ததை 1975இல் நூலாக எழுதினார். பிந்திய மென்பொருள் வேலைக்கு ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் பிந்தும் என்பது அவர் கண்ட முடிவு. புதியவர்களுக்கு வேலையை விளக்குவதிலே பழையவர்களின் நேரம் போய்விடும். நீர்வேலியிற் கிணறு வெட்டக் கண்டவர்க்கு இதில் வியப்பில்லை. குழிக்குள் இருவர் நின்று அலவாங்கு போடலாம். மாரிக்கு முன் முடிக்க வேண்டுமென்று பதின்மரை இறக்கினால் அலவாங்கை ஓங்க இடமிராது. வேலை பிந்தினால் நாள் நீட்டலாம், அல்லது செய்யும் பகுதியைச் சுருக்கலாம். திறப்பு விழா நாளைக் குறித்துவிட்டு இரண்டையும் மறுப்பதே தவறு.

சோதனையும் அவ்வாறே. நம் வாழைத் தோட்டங்களில் வாய்க்காலும் பாத்தியும் கட்டி முடித்த கமக்காரர், முழுத் தோட்டத்துக்கும் ஒரேயடியாக நீரைத் திறந்துவிடுவதில்லை. சிறிது விட்டு, எங்கே உடைக்கிறது, எங்கே தேங்குகிறது என்று மண்வெட்டியோடு உடன் நடந்து பார்க்கிறார். உடைத்த இடத்தை அப்போதே அடைக்கிறார். அவர் செய்யும் இதனைப் பட்டம் பெற்றோர் பலர் செய்வதில்லை. எல்லாம் முடியட்டும், பின்னர் சோதிப்போம் என்கிறார்கள்.

இங்கே பிரித்தானிய அஞ்சலகங்களில் நடந்ததைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். இலண்டன் அன்பர்கள் இதனை நன்கறிவர். 1999ஆம் ஆண்டு முதல் அங்குள்ள அஞ்சலகங்களில் ‘ஹொறைசன்’ என்னும் கணக்கு மென்பொருள் பரப்பப்பட்டது. ஊரிலே சிறு அஞ்சலகம் நடத்தியோரின் கணக்கிற் பணம் குறைவதாக அது காட்டிற்று. நாங்கள் எடுக்கவில்லை, கணக்குத்தான் பிழைக்கிறது என்று அவர்கள் மன்றாடினர். பொறி பிழைக்காது என்றே மேலோர் கொண்டனர். 2015 வரையிலான காலத்தில் 900க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். கைப்பணத்தை இட்டு நிரப்பி வீடிழந்தோரும், மானம் பொறாது உயிர் துறந்தோரும் உளர். மென்பொருளிற் பிழைகள் இருந்தன என்பதை 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பிலே எடுத்துரைத்தது. தண்டனைகளை நீக்க 2024இல் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

அந்த அஞ்சலகத்தாரும் முதல் மாதங்களிலேயே பிழையைக் கண்டவர்கள். அவர்கள் நம்மைப் போல் வாய் மூடி இருக்கவில்லை, பேசினார்கள். கேட்பாரில்லை. நாளை நம் அலுவலக இலிகிதர், இப்பெயர் இரண்டு முறை வருகிறது, இச்சந்தா கட்டியதாகக் காட்டவில்லை என்று சொல்லும்போது, உமக்குக் கணினி தெரியாது என்று ஒரு செயலாளர் விடையிறுப்பாராயின், நோய் அங்கே தொடங்கிவிட்டது என்று கொள்க.

காப்புப் பிரதியைப் பற்றி நம்மவர்க்கு எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறு பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. அந்நினைவு உள்ள மக்களிடையேதான் 2005இல் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் தோன்றி, ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் படியெடுத்துக் காத்து வருகிறது. இருந்தும் நம் கல்வி நிலையங்களில் உள்ள கணினிகளைத் திறந்து பாருங்கள். ஒரே பெட்டிக்குள் ஒரே பிரதி. 2023ஆம் ஆண்டு இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் அமைப்பு விஷமிகளின் தாக்குதலுக்கு உள்ளானபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்து அஞ்சல்கள் மீட்கவொண்ணாது அழிந்தன. அக்காலத்துக்குக் காப்புப் பிரதி இல்லை. அரசுக்கே இது நேர்ந்ததாயின் வாசிகசாலைக்கு இடியொன்று போதாதா?

பிரதிகளைப் பேணுதல் என்பது எண்ணிக்கையிற் பெருக்குதல் மட்டும் அன்று. அயலூராகிய சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றியபோது செய்த வேலையை நினைத்துப் பார்க்கலாம். ஊர் ஊராக ஏடு தேடி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, எப்பிரதியில் எப்பாடம் என்று பிரித்தறிந்தார். இன்று மென்பொருள் செய்வோர், எந்நாளில் எவர் எவ்வரியை ஏன் மாற்றினார் என்று குறித்துவைக்கும் கருவிகளைக் கையாள்கிறார்கள். அவற்றுட் பெயர்பெற்ற ‘கிட்’ 2005இல் லினக்ஸைத் தோற்றுவித்த லினஸ் ரோவால்ட்ஸால் ஆக்கப்பட்டது. பாடபேதங் குறிக்கும் பண்டிதர் வேலையே அது. அவ்வாறு குறித்த பிரதியும், செய்நிரலின் விளக்கமும், கடவுச்சொல்லும் ஒருவர் கையில் மட்டும் அன்றி அதிபர் அலுவலகத்திலும் இருத்தல் வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதாமற் கையொப்பமிடலாகாது. பிள்ளைகள் கடல் கடந்து போவது நம் ஊரின் இயல்பு. அதைக் குறை கூறிப் பயனில்லை. எதிர்பார்த்து ஆயத்தஞ் செய்யலாம்.

நூலக அட்டவணையைப் பொறுத்தவரை நம் கருத்து எளிது. அதற்குப் புதிய மென்பொருள் எழுதுவிப்பதே வீண். நியூசிலாந்தின் நூலகம் ஒன்றுக்காக ஆக்கப்பட்டு 2000ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்த ‘கோஹா’ என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது, ஒருங்குறியில் இயங்குவது, பல நாடுகளில் ஆண்டுக்கணக்காகப் பழகித் தேறியது. மாவோரி மொழியில் அப்பெயருக்குக் கொடை என்பது பொருளாம். செய்து வைத்திருப்பதை மறுபடி செய்தல், கூறியது கூறல் என்னும் குற்றத்தின்பாற்படும். இதற்கு ஒதுக்கிய பணத்தை நூல்களைப் பதியும் மாணவருக்குச் சிறு உதவித்தொகையாகக் கொடுக்கலாம்.

பதிவேட்டுக்கோ முதலாண்டில் ஒரு விரிதாளே போதும். இவ்வளவு பணம் திரட்டி விரிதாளா என்று கேட்கும் அன்பர்க்கு ஒன்று சொல்வோம். எக்கட்டங்கள் வேண்டும், எவை வேண்டா, எப்பெயரை எவ்வாறு எழுதுவது என்ற வழக்குகளெல்லாம் அதிலேயே தலைகாட்டிவிடும். திருத்துவதும் எளிது, செலவும் இல்லை. அந்த ஓராண்டின் பின்னர், கட்டங்கள் ஆடாமல் நின்ற பிறகு, பொறியியலாளரை அழைத்தால் அவருக்கும் வேலை தெளிவு, நாமும் ஏமாறோம். விரிதாளே போதும் என்று அப்போது தோன்றினால் அதுவும் நன்றே.

முதற் சோதனைக்கு ஒரேயொரு வகுப்பினரை, நூற்றுக்கு மேற்படாத பெயர்களை, எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம். இங்கே இருப்போரும், புலம்பெயர்ந்தோரும், மறைந்தோரும், எங்கேயென்று அறியப்படாதோரும் கலந்த வகுப்பாக அது இருக்கட்டும். பணியை நடத்தும் குழுவிலே அலுவலக இலிகிதரும், நூலகப் பொறுப்பாளரும், தட்டெழுதும் மாணவர் இருவரும் சம உறுப்பினராக இருத்தல் வேண்டும். நூலகத்து மேசையில் ஒரு கொப்பி வைப்போம். பிழையென்று தோன்றியதை எவரும் அதில் எழுதலாம். எழுதியவரின் கணினி அறிவைப் பற்றிக் கேள்வி எழலாகாது. வெள்ளிதோறும் குழுவினர் அதைப் படித்து, ஒவ்வொரு குறிப்பின் கீழும் விடை எழுதுவர்.

இம்மலரைக் கையிற் பெறும் பழைய மாணவர்கள், தம் பெயர் தமிழில் எவ்வாறு எழுதப்பட வேண்டும், பள்ளிக் காலத்தில் எவ்வாறு எழுதப்பட்டது, இன்று எப்பெயரால் வழங்கப்படுகிறார்கள் என்னும் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்புவார்களாக. கையெழுத்தே போதும்.